ஜனவரியில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோகும் சபை வேதவாசிப்பு

வருட இறுதி ஆராதனை முடிந்து, புது வருடத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது கையில் இன்னொரு தாளும் கிடைக்கும். 'ஒரே ஆண்டில் முழு வேதாகமம்.' இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் 365 கட்டங்கள். அந்த நள்ளிரவில் எல்லோருக்குமே வைராக்கியம் இருக்கும். எங்கள் சபையிலும் ஒரு வருடம் இப்படித்தான் ஆரம்பித்தோம். தாளை அச்சடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். பிப்ரவரி பாதியில் பார்த்தால், பாதி வீடுகளில் அந்தத் தாள் வேதாகமத்துக்குள்ளேயே மடித்துக் கிடந்தது, யாத்திராகமத்தின் கடைசிப் பக்கங்களில்.

கணக்குப் போட்டாலே காரணம் தெரிந்துவிடும். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. ஒரு வருடத்தில் முடிந்துவிடும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, இரண்டும் சேர்ந்து நாலே வாரம். யோசேப்பு, செங்கடல் என்று கதை ஓடுகிறவரை சிரமமில்லை. யாத்திராகமம் 25இல், இஸ்ரவேலர் ஆராதனைக்காகச் செய்த ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் ஆரம்பிக்கும்போது வேகம் குறையும். 35ஆம் அதிகாரத்திலிருந்து ஏறக்குறைய அதே பலகைகளும் கொக்கிகளும் திரும்ப வரும். ஜனவரி கடைசியில் லேவியராகமம். அதன் 13ஆம் அதிகாரத்தில் 59 வசனங்கள், முழுக்கக் குஷ்டத்தை ஆசாரியன் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது. அதையும் தாண்டி வருகிறவருக்கு எண்ணாகமம் 7 காத்திருக்கிறது: 89 வசனங்கள், 12 பிரபுக்கள், 12 நாள், ஒரே காணிக்கை, ஒரே எடை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற அவசரத்தில் இதைத் தனியாக உட்கார்ந்து யார் வாசிப்பார்?

லேவியராகமத்தின் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. 'உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக' என்பது முதலில் வருவதே அதன் 19ஆம் அதிகாரத்தில்தான். முன்னப்பின்ன வாசித்துப் பழகாதவரைத் துணையில்லாமல் அங்கே அனுப்புவதுதான் தவறு.

ஆகவே முதல் முயற்சிக்கு முழு வேதாகமம் வேண்டாம். ஜனவரி 1ஆம் தேதியும் வேண்டாம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். வாரத்துக்கு நாலு நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் நாலு வாரம். அடுத்த வாரம் ரூத், அதற்கடுத்த வாரம் பிலிப்பியர். இரண்டும் நாலு நாலு அதிகாரம்தான். ஆறு வாரத்தில் மூன்று புத்தகங்களை ஒரு சபை முழுதாக வாசித்திருக்கும். மீதி மூன்று நாளைச் சும்மா விடுங்கள். காய்ச்சல், கல்யாண வீடு, பிளஸ் டூ பரீட்சை, சபை விருந்தான அசன வேலை எல்லாம் அந்த நாட்களில்தான் அடங்க வேண்டும். 365 கட்டமும் நிரம்பிய அட்டவணையில் இரண்டு நாள் விட்டவர் ஆறு அதிகாரம் கடன்காரர். ஒரு வாரம் விட்டால் 23. கடனை அடைக்க முடியாது என்று தெரிந்தபின் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்ஷேன் 1842ஆம் ஆண்டின் முடிவில் தன் சபைக்காக ஒரு வாசிப்பு அட்டவணை போட்டுக்கொடுத்தார். ஜனவரி 1ஆம் தேதிக்கு ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. நாலுமே ஏதோ ஒன்றின் தொடக்கம். இரண்டு பகுதி குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு தனி ஜெபத்துக்கு. வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு தடவையும் முடியும். இன்றும் உலகமெங்கும் சபைகளில் அந்த அட்டவணை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதோடு அவர் எழுதிய முன்னுரையைப் பல இடங்களில் சேர்த்து அச்சடிப்பதில்லை. இந்த முறையில் உள்ள ஆபத்துகளை அவரே அதில் எழுதியிருக்கிறார்: வெறும் சடங்காகிவிடலாம், முடித்தேன் என்ற சுயநீதி வரலாம், கருத்தில்லாமல் ஓட்டிவிடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். நன்மைகளையும் சொல்கிறார். அவற்றில் எனக்குப் பிடித்தது, மந்தை எந்தப் பக்கம் மேய்கிறது என்று மேய்ப்பனுக்குத் தெரியும் என்பது. அதை எழுதி மூன்று மாதத்துக்குள், 1843 மார்ச் 25இல், தன் 29ஆம் வயதில் அவர் இறந்துபோனார். அந்த முதல் சுற்றின் முடிவை அவர் பார்க்கவில்லை.

அவர் சொன்ன சுயநீதிக்கு இப்போது வாட்ஸ்அப்பில் குடியிருப்பு. காலை ஆறு மணிக்கு ஒருவர் 'முடித்தேன், ஸ்தோத்திரம்' என்று போடுவார். பின்னாலேயே இருபது கட்டைவிரல். வாசிக்காமல் விட்டவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மூன்றாம் நாள் அவரும் வாசிக்காமலே ஒரு கட்டைவிரல் போடுவார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் போட்டிருக்கிறேன். யார் வாசித்தார், யார் வாசிக்கவில்லை என்று குழுவில் கணக்கெடுக்காதீர்கள். அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டுவது, முழுதாக முடித்தவர்களுக்கு மட்டும் பரிசு கொடுப்பது எல்லாம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரி. நாற்பது வயது ஆளை அது வீட்டோடு உட்காரவைத்துவிடும். குழு வேண்டுமென்றால் அன்றைய பகுதியைப் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, நடத்துகிறவர்கள் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்தே நாளில் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் மாற்கு புதைந்துவிடும்.

சேர்ந்து வாசிப்பது என்றால் வாரம் ஒரு நாளாவது ஒரே இடத்தில் உட்கார வேண்டும். வீட்டு ஜெபக்கூட்டம் ஏற்கெனவே நடக்கிற சபைக்கு அது தனி வேலை இல்லை. அந்த நேரத்திலேயே செய்யலாம். அங்கே நடக்கிற தவறுகள் வேறு ரகம்.

சத்தமாக வாசிக்கச் சொல்லி சட்டென்று ஒருவர் கையில் புத்தகத்தைக் கொடுப்பது அதில் மோசமானது. எங்கள் கூட்டத்தில் ஓர் அம்மா, முறை தன்னிடம் வரப்போகிறது என்று தெரிந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். காப்பி போடத்தான் போகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதங்கள் எனக்குத் தெரியாது. இப்போது வாசிக்கிறவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுகிறோம். மற்றவர்கள் கேட்டால் போதும். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் ஆடியோ வேதாகமம் இருக்கிறது. பேரப்பிள்ளை போனில் போட்டுக் கொடுத்துவிட்டால் ஆச்சியும் அன்றைய பகுதியை முடித்துவிடுவார்.

முன்பே சொல்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. மேவிபோசேத், நேபுகாத்நேச்சார் போன்ற பெயர்களை ஒரு தடவை வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள். அதோடு, நடத்துகிறவர் பகுதியை முதலில் தான் வாசித்துவிட வேண்டும். தகாத உறவு வருகிற ஆதியாகமம் 38ஐயோ, பலாத்காரம் வருகிற நியாயாதிபதிகள் 19ஐயோ வரிசையில் வந்தது என்பதற்காக ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கொடுத்து, பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் வாசிக்கவைத்தால், அடுத்த வாரம் அவள் வரமாட்டாள்.

ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு வைத்திருப்பதும் சிக்கல்தான். எங்களைப் போன்ற புராட்டஸ்டன்ட் சபைகள் வாசிக்கிற பழைய திருப்புதலில் யாத்திராகமம் என்பது, 1995இல் வந்து கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தில் விடுதலைப் பயணம். உபாகமம் அங்கே இணைச் சட்டம். கத்தோலிக்க மருமகள் வந்திருக்கிற வீட்டில் அட்டவணையை வைத்துக்கொண்டு தேடுவார்கள். தாளில் இரண்டு பெயரையும் போட்டுவிட்டால் தீர்ந்தது. கூட்டத்தில் சத்தமாக வாசிக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று பக்கத்தில் இருக்கட்டும், ரொம்ப உதவும். மாற்கு 2 வாசித்த அன்று எட்டாவது படிக்கிற பையன் ஒருவன், "அவ்வளவு திமிர் பிடிச்சவனை எதுக்கு அண்ணாச்சி நாலு பேரு தூக்கிட்டுப் போறாங்க?" என்றான். திமிர்வாதக்காரன் என்பதை அவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தான். முடக்குவாதம் என்று மற்ற மொழிபெயர்ப்பில் பார்த்ததும் அவனுக்குக் கதை விளங்கியது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அவனைப் போலக் கேட்கவிட வேண்டும். 'இந்தப் பகுதியில் நாம் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன?' என்று கேட்டால் பிரசங்கத்தில் கேட்ட பதிலையே திருப்பிச் சொல்வார்கள், அல்லது வழக்கமாகப் பேசுகிற ஒருவர் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார். 'எது புரியவில்லை, எது உறுத்துகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். மாற்கு 5இல் இயேசு ஒரு மனிதனைவிட்டுத் துரத்திய அசுத்த ஆவிகள் புகுந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் பாய்ந்து சாகின்றன. ஆடு வளர்க்கிற ஒரு பெரியவர், "அந்தப் பன்னிக்காரனுக்கு நஷ்டத்தை யாரு கொடுத்தா?" என்றார். அன்று பேச்சு ஒன்பது மணி தாண்டியும் முடியவில்லை. அந்த ஊரார் ஏன் இயேசுவைத் தங்கள் எல்லையை விட்டுப் போகும்படி கேட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. போதகர் கூட்டத்தில் இருந்தால் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். பேசவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நெகேமியா 8இல் வாசித்தவர்கள் அர்த்தமும் சொல்லி விளங்கவைத்தார்கள்.

ஞாயிறு பிரசங்கம் ஒரு பக்கம், வாசிப்பு ஒரு பக்கம் என்று போகாமலிருக்கப் போதகரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவைப்பது நல்லது. ஆறு வாரத்தில் ஒரு ஞாயிறாவது மாற்குவிலிருந்து பேச அவருக்குச் சிரமம் இருக்காது. வாசிப்பை நடத்தும் பொறுப்பை ஒரே ஆளிடம் விடாதீர்கள். அவருக்கு வேலை மாற்றல் வந்தால் வாசிப்பும் அவரோடு ஊரைவிட்டுப் போய்விடும்.

இப்போது எங்கள் தாள் வாராவாரம் வருகிறது, வருடத்துக்கு ஒன்று இல்லை. பாதிப் பக்கம், பெரிய எழுத்து, நாலே வரி. எல்லாவற்றுக்கும் மேலே, 'விட்டுப்போனவர்கள் பழையதைத் தேட வேண்டாம், இந்த வாரத்திலிருந்து சேர்ந்துகொள்ளலாம்' என்று போடுகிறோம். முதல் வாரம் அந்த வரியை அடியில் சின்னதாகத்தான் போட்டிருந்தோம். எழுத்துக் கூட்டி வாசிக்கிற அந்த அம்மாதான் அதை மேலே பெரிதாகப் போடச் சொன்னார்.