புது டைல்ஸ் ஒட்டும் முன் நாய், பூனை வாடையை எடுத்துவிடுங்கள்

பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். நாயோ பூனையோ வளர்த்த வீடு என்றால், கொத்தனார் உளியைத் தொடுவதற்கு முன்பே வெறுந்தரையில் மண்டியிட்டு மோந்து பார்த்துவிடுவேன். வாடை இருக்கும்போதே மேலே டைல்ஸ் ஒட்டினால், ஐப்பசி மழைக்கு அது இடுக்கு வழியாக ஏறி வந்துவிடும். தரை திறந்து கிடக்கும் அந்தச் சில நாட்களை விடவே கூடாது.

மூத்திரத்திலுள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக்கும். கண்ணைக் கரிக்கும் அந்த நெடி கழுவினால் போகும். யூரிக் அமிலம் அப்படியில்லை; தண்ணீரில் சரியாகக் கரையாமல் சிமெண்டின் நுண்துளைகளில் படிகமாகத் தங்கிவிடும். காற்றில் ஈரம் கூடினால் மறுபடி நாறும். சித்திரையில் வாடையே இல்லாத வீடு மழைக்காலத்தில் நாறுவது இதனால்தான்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரவில் விளக்கை அணைத்து, 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் அடித்தால் கறை வெளிர்மஞ்சளாக ஒளிரும். சோப்புத்தூள் மிச்சமும் ஒளிரும் என்பதால், அந்த இடத்தை லேசாக நனைத்து மோந்து உறுதிசெய்து, சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கடுவன் பூனை நின்றபடி சுவரில் பீய்ச்சும். ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் பட்டை), அதற்கு மேல் ஒரு முழம் பூச்சு, வாசக்காலின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். அந்த வீட்டிலேயே இருப்பவர்களுக்கு மூக்கு பழகியிருக்கும். வெளியாளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பினாயில் வாடையை மறைக்குமே தவிர எடுக்காது. பிளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள்: அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும், மூடிய அறையில் நுரையீரலுக்கு ஆபத்து. ஆசிட் ஊற்றினால், மொசைக்கிலுள்ள சலவைக்கல் சில்லுகளை அது அரிக்கும். வினிகரும் அதையேதான் செய்யும்.

ஊறிய ஸ்கர்ட்டிங்கையும் பெயர்ந்த சாந்தையும் கொத்தி அள்ளுங்கள். சாதாரணத் தண்ணீரில் கழுவி, சோப்பு மிச்சமில்லாமல் அலசித் துடையுங்கள். பிறகு, யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றுங்கள்; செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். இங்கே கஞ்சத்தனம் கூடாது. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும், வட்டத்தைத் தாண்டி ஒரு சாண் பரவ வேண்டும். தெளித்துவிட்டு உடனே துடைத்தால் காசுதான் வீண். ஈரம் இருக்கும்வரைதான் என்சைம் வேலை செய்யும். பாலித்தீன் தாளால் மூடி ஒரு நாள் முழுக்க விடுங்கள். காய்ந்தபின் மோந்து பார்த்து, வாடை இருந்தால் இன்னொரு முறை.

அதற்கும் மிஞ்சினால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைக்கும் 6% கரைசலில் அதே அளவு தண்ணீர் கலந்தால் 3% ஆகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மூலையில் சோதித்துவிட்டு ஊற்றுங்கள். என்சைமோடு ஒரே நேரத்தில் சேர்க்காதீர்கள்; அதை இது கெடுத்துவிடும். டைல்ஸுக்கு அடியிலுள்ள சாந்துப் படுக்கையே ஊறியிருந்தால் மருந்தெல்லாம் வேண்டாம், உடைத்து அள்ளிவிட்டுப் புதுச் சாந்து போடுவதுதான் சரி.

நன்றாகக் காய விடுங்கள். டைல்ஸ் ஒட்டுபவர் அவசரப்படுத்துவார், காதில் வாங்காதீர்கள். 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்க்காவிட்டால் நுண்துளைகளை அடைக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடித்து, இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மணலைத் தூவுங்கள், அப்போதுதான் டைல்ஸ் பசை பிடிக்கும். இடுக்குகளுக்கும் எபாக்ஸி கிரவுட்டே போடுங்கள். சிமெண்ட் கிரவுட் உறிஞ்சும். வாசக்கால் மரத்தைத் தேய்த்துவிட்டு, தச்சர்கள் பூசும் அரக்கு பாலிஷை இரண்டு கை பூசினால் வாடை அடைபடும்.

பூனை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்றால், வேலை முடியும்வரை அந்த அறைக்குள் விடாதீர்கள், அடிக்காதீர்கள். கடுவன் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சொட்டுச் சொட்டாகவே போனால் மூத்திரப்பாதை அடைத்திருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.