இலையுதிர்காலத்தைப் படங்களை நம்பித் திட்டமிடுவோர் செய்யும் தவறுகள்

கனடாவின் இலையுதிர்காலம் என்றதும் சிவந்த மேப்பிள் மரங்களும், மேகமற்ற நீல வானமும், சால்வை போர்த்தினால் தீர்ந்துவிடும் மெல்லிய குளிரும்தான் பலரின் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அந்தக் காட்சி பொய்யன்று. ஆனால் ஓர் இடத்தில் அது நீடிப்பது ஏறத்தாழ இரண்டு வாரங்கள்தான். அவற்றிலும் வெயில் எறிக்கும் நாள்கள் சிலவே. செப்டெம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை நீளும் பருவத்தின் எஞ்சிய பகுதி மழையும், காற்றும், வெறுங்கிளைகளும், நாளுக்கு நாள் குறுகும் பகலும் கொண்டது. ஒன்ராறியோ மாகாணத்துக்குப் புதிதாக வருவோரும், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும், அந்த இரண்டு வாரக் காட்சியை முழுப் பருவத்துக்கும் உரியதாக எண்ணிக்கொள்வதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதல் தவறு நாள் குறிப்பதில் நேர்கிறது. ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள் என்பதால், அந்த நீண்ட வார இறுதியில் அல்கொன்குயின் மாகாணப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு செல்லப் பலர் திட்டமிடுகிறார்கள். 1893-இல் நிறுவப்பட்ட, 7,600 சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்த அந்தப் பூங்கா, ரொறன்ரோவுக்கு வடக்கே, உயர்ந்த நிலத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே குளிர் முந்தி வருகிறது. சீனி மேப்பிள்கள் வழக்கமாகச் செப்டெம்பர் கடைசி வாரத்துக்கும் ஒக்டோபர் முதல் வாரத்துக்கும் இடையில் உச்ச நிறம் கொண்டு, பின் விரைவில் உதிர்ந்துவிடுகின்றன. விடுமுறை நாளில் போய்ச் சேர்பவர்கள் பல ஆண்டுகளில் காண்பது மஞ்சள் நிற அஸ்பென் மரங்களையும், இலை கொட்டிய மேப்பிள்களையும்தான். அதே வேளையில் ரொறன்ரோவின் மரங்கள் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். நகரத்தின் நிறக்காலம் ஒக்டோபர் நடுவிலிருந்து மாதக் கடைசி வரை. ஒன்ராறியோ பூங்காக்கள் அமைப்பு வெளியிடும் நிற அறிக்கையைப் பார்த்து நாளைத் தீர்மானிப்பதும், பகல்நேர வாகன அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்வதும் இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கும். அனுமதிகள் தீர்ந்துபோன பின் வாசல் வரை போய்த் திரும்புவது, மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகு முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரும் சோர்வு.

எல்லா மரமும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரிச் சிவக்கும் என எதிர்பார்ப்பதும் தவறே. பகல் குறுகும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகள் மஞ்சளாக வெளிப்படுகின்றன. சிவப்பு அப்படி மறைந்திருந்த நிறம் அன்று. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு அந்தோசயனின் என்ற நிறமியை மரம் அந்தப் பருவத்திலேயே புதிதாக உண்டாக்குகிறது. அதற்கு வெயிலுள்ள பகலும், உறைபனி இல்லாத குளிர்ந்த இரவும் வேண்டும். தொடர்ந்து மேகமூட்டம் நிலவினால் சிவப்பு மங்கும். உச்ச நாளில் ஒரு பெருங்காற்று அடித்தால் ஓர் இரவிலேயே காட்சி முடிந்துவிடும். ஓக் மரங்களோ பெரும்பாலும் செம்பழுப்போடு நிறைவுகொள்கின்றன. ரொறன்ரோவின் தெருக்களில் ஏராளமாக நடப்பட்ட நோர்வே மேப்பிள், உள்நாட்டு மேப்பிள்களைவிடப் பிந்தியே, அதுவும் மஞ்சளாக மாறுகிறது. எனவே வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைப் பார்த்து வடக்கின் காட்டைக் கணிக்க முடியாது.

இதனினும் பாரதூரமானது, இது சாந்தமான பருவம் என்ற நம்பிக்கை. 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளியின் எச்சம் ரொறன்ரோவைத் தாக்கியபோது ஹம்பர் ஆறு பெருகி வீடுகளை அடித்துச் சென்றது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். அதன் பிறகே வெள்ளச் சமவெளிகளில் வீடு கட்டுவது கட்டுப்படுத்தப்பட்டு, ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் பெரும்பகுதி பூங்காவாக்கப்பட்டது. இன்று நிறம் பார்க்க நாம் நடந்துபோகும் பள்ளத்தாக்குப் பாதைகள் பலவும் மக்கள் குடியிருக்கக் கூடாது என ஒதுக்கிய நிலம் என்பதை, அங்கே குழந்தைகளை அழைத்துச் செல்லும் எவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பெருமழை எச்சரிக்கை உள்ள நாளில் ஆற்றோரம் போகாதீர்கள். பேரேரிகளின் நவம்பர்க் காற்றும் அவ்வாறே கொடியது: 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் பிற்ஸ்ஜெரால்ட் என்ற பெரிய சரக்குக் கப்பல் மூழ்கி, அதிலிருந்த 29 பேரும் மாண்டனர். அலை பார்க்கவும் படம் எடுக்கவும் அலைதாங்கிக் கற்களில் ஏறுவது கோடையிலேயே ஆபத்து. நவம்பரில் அதைச் செய்யவே கூடாது.

வீதியில் உதிர்ந்து நனைந்த இலைகள் பனிக்கட்டியைப் போல வழுக்கும். குழிகளையும் நடைபாதை விளிம்பையும் மறைத்துவிடும். வீட்டின் முன்னுள்ள மழைநீர் வடிகால் வாயில் இலை அடைத்தால், ஒரு மழைக்கே தெருவில் தண்ணீர் தேங்கும். வடக்கே செல்வோர், மூஸ் என்ற மிகப் பெரிய மான் வகை, ஏனைய மான்கள் ஆகியவற்றின் இணைசேரும் காலம் இது என்பதை மனத்தில் கொண்டு, அதிகாலையிலும் அந்தி வேளையிலும் வேகத்தைக் குறைக்க வேண்டும். வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே நிலைகொள்ளத் தொடங்கினாலே குளிர்கால ரயர்களைப் பூட்டிவிடுவது நல்லது. அயல் மாகாணமான கியூபெக்கில் பதிவான வாகனங்களுக்கு அவை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அவ்வாறான சட்டம் இல்லாததால் பலர் முதற்பனி விழும்வரை காத்திருந்து, அந்த வாரத்திலேயே திருத்தகத்தில் இடம் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

உடையைப் பொறுத்தவரை, ஒரு தடித்த மேலங்கியைவிட மெல்லியவை இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே பயன் தரும். தீபாவளி ஒக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில் வருவதால், பட்டுப்புடவையோடு வெளியே மத்தாப்புக் கொளுத்தும் இரவில் உறைநிலைக்கு நெருங்கிய குளிர் இருக்கக்கூடும்.

இலைக்குவியலில் குழந்தைகள் துள்ளும் படம் இல்லாத இலையுதிர்கால விளம்பரம் அரிது. ஆனால் லைம் என்ற பற்றீரியா நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் முதிர்ந்த பருவம் துடிப்போடு இரை தேடும் காலமும் இதுவே. 4 பாகைக்கு மேல் வெப்பம் உள்ள எந்த நாளிலும் அது இயங்கும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் எல்லையிலுள்ள ரூஜ் பூங்காவிலும் அது காணப்படுகிறது. காட்டுப் பாதையிலிருந்து திரும்பியதும் உடலைச் சோதித்து, ஒட்டியிருக்கும் உண்ணியை 24 மணி நேரத்துக்குள் அகற்றினால் தொற்றும் வாய்ப்பு பெரிதும் குறையும். ஆஸ்துமா உள்ள குழந்தையை ஈர இலைக்குவியலிலிருந்து விலக்கி வைப்பதும் அவசியம்; அழுகும் இலையில் பூஞ்சை பெருகுகிறது.

எல்லாவற்றிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவது வெளிச்சக் குறைவு. செப்டெம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் குறைகிறது. அது மெதுவாக நடப்பதால் உடல் ஓரளவு பழகிக்கொள்கிறது. ஆனால் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பப்பட்டதும், முந்தைய நாள் மாலை ஆறு மணியளவில் மறைந்த சூரியன் ஐந்து மணிக்கே மறைந்துவிடுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் அது 4.40 மணிக்கே நேர்கிறது. இந்நாள்களில் தோன்றும் சோர்வையும், மிகுந்த உறக்கத்தையும், எதிலும் நாட்டமின்மையையும் சோம்பல் என்றோ, ஊர் நினைவு என்றோ வீட்டார் தள்ளிவிடுகிறார்கள். பருவகால மனச்சோர்வு 1984-லேயே நோர்மன் ரோசென்தால் என்ற உளவியல் மருத்துவராலும் அவருடைய சக ஆய்வாளர்களாலும் விவரிக்கப்பட்ட, சிகிச்சை உள்ள ஒரு நிலை. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் ஒளிச்செறிவுள்ள விளக்கின் முன் அமர்வது அதற்குரிய சிகிச்சைகளில் ஒன்று. கண்நோயோ வேறு மனநல நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அதைத் தொடங்க வேண்டும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை இந்த அட்சரேகையில் சூரியன் மிகச் சாய்ந்திருப்பதால் தோலில் விற்றமின் டி பெரும்பாலும் உருவாவதில்லை. கருமை மிகுந்த தோலுள்ள நமக்கு முந்தைய மாதங்களிலேயே அதற்குக் கூடுதல் நேர வெயில் தேவைப்படுகிறது. நிறம் பார்க்கவென ஒக்டோபரில் பெற்றோரை வரவழைத்து மாசி வரை வைத்திருக்கும் பிள்ளைகள், அவர்களின் விற்றமின் டி அளவு குறித்துக் குடும்ப மருத்துவரிடம் முதல் மாதத்திலேயே கேட்க வேண்டும். வேலைநாள்களிலும் நண்பகல் வேளையில் அவர்களை வெளியே நடத்திச் செல்ல ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும்.