எந்த ரிட்லி? ஒரே ஆங்கிலக் குடும்பப் பெயர் கொண்டவர்களைப் பிரித்தறிந்து எழுதும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் நூலக அறையில், ரப்பரின் வரலாறு குறித்து மாணவர்கள் தயாரித்த ஓர் அட்டையைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன். ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி என்ற தலைப்பின் கீழ், மலாயாவில் ரப்பர் பயிரிடுமாறு ஊக்கியவர் என்று சரியாக எழுதியிருந்தார்கள். அடுத்த வரியிலேயே, அவர் 1555-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் உயிரோடு எரிக்கப்பட்டார் என்றும் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்த படத்தில் இருந்தவரோ 1980-களில் பிரிட்டனில் அமைச்சராக இருந்தவர். மூன்று மனிதர்கள் ஒரே அட்டையில் ஒருவராகிவிட்டார்கள். பிள்ளைகள் உழைத்துத்தான் செய்திருந்தார்கள். ஒரே பெயருடையவர்களை எப்படிப் பிரிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளித் திட்டப்பணிக்கோ, ஊர் வரலாற்றுக் குறிப்புக்கோ இத்தகைய பட்டியல் தயாரிப்பவர்களுக்காக, நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் குழப்பம் நமக்கு ஏன் எளிதாக நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம்மிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலும் இல்லை. அடையாள அட்டையில் நம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே 'அனாக் லெலாக்கி' (மகன்) அல்லது 'அனாக் பெரம்புவான்' (மகள்) என்ற மலாய்ச் சொற்கள் நிற்கின்றன; தந்தையின் பெயர் ஒரு தலைமுறையோடு நின்று, பேரப்பிள்ளையின் பெயரில் மறைந்துவிடுகிறது. ஆங்கிலேயரின் குடும்பப் பெயரோ நூற்றாண்டுகளைக் கடந்து ஓடுகிறது. எனவே 'ரிட்லி' என்ற சொல்லை நாம் 'முனியாண்டி' என்பதைப் போல ஒருவரின் சொந்தப் பெயராக எண்ணிவிடக் கூடாது. அது ஒரு கூட்டத்தின் பெயர், அதுவும் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல கூட்டங்களின் பெயர். ரிட்லி என்பது இங்கிலாந்தில் ஊர்களுக்கும் வழங்கும் பெயராதலால், வெவ்வேறு ஊர்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் தனித்தனியே அதைச் சூடியிருக்க முடியும். ஒரே பெயர் என்பதால் உறவினர் என்று எழுதிவிடுவதே இவ்வகைப் பட்டியல்களில் நான் காணும் முதல் பிழை.

பிரித்தறியும் பழக்கமோ நமக்குப் புதியதன்று. ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இரண்டு முனியாண்டிகள் இருந்தால், மேல் லயத்து முனியாண்டி என்றும், ஸ்டோரில் வேலை செய்யும் முனியாண்டி என்றும் சொல்லித்தான் நம் பெரியவர்கள் பேசினார்கள். அவன் யார் மகன், எந்த இடத்தில் இருந்தான், என்ன வேலை செய்தான், எந்தக் காலத்தில் இருந்தான் என்ற நான்கு கேள்விகளே அதில் அடங்கியிருந்தன. ஆங்கிலப் பெயர்களுக்கும் அதே நான்கு கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

இனி ரிட்லிகளை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து மக்களுக்கு மிக நெருக்கமானவர் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. 1855-இல் பிறந்த இவர் தாவரவியலாளர். 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தார். மரத்தின் உயிருக்குக் கேடு வராமல், பட்டையை மீன்முள் வடிவத்தில் சீவி, மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் இவர். காப்பித் தோட்டக்காரர்களிடம் ரப்பர் விதைகளை ஏந்திச் சென்று, அவர்கள் செவிசாய்க்க மறுத்த காலத்திலும் விடாமல் வற்புறுத்தியதால், 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டப்பெயரையும் வாங்கிக்கொண்டார். மலாக்காவில் தான் சாய் யான் என்ற சீனர் 1896-இல் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கியதற்கு இவருடைய தூண்டுதல் காரணம். நூறு வயதைக் கடந்து வாழ்ந்து, 1956-இல் இறந்தார்.

இவரைப் பற்றி எழுதும்போது ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்கும் பழக்கம் மிகவும் தேவை. பிரேசிலிலிருந்து ரப்பர் மரத்தைக் கொண்டுவந்தவர் ரிட்லி என்று நம் பேச்சுகளிலும் சிறப்பு மலர்களிலும் அடிக்கடி வருகிறது. பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை 1876-இல் லண்டனுக்கு அனுப்பியவர் ஹென்றி விக்கம். அங்கே கியூ தாவரவியல் பூங்காவில் முளைத்த கன்றுகளில் 22 சிங்கப்பூருக்கு வந்தது 1877-இல். அவற்றில் சில நம் பக்கத்து ஊரான கோலாகங்சாரில் நடப்பட்டன. ரிட்லி சிங்கப்பூருக்கு வந்ததோ 1888-இல்தான். பதினோரு ஆண்டுகள் பிந்தி வந்தவர் அந்தக் கன்றுகளைச் சுமந்து வந்திருக்க முடியாது. இரண்டு பேரின் இயற்பெயரும் ஹென்றி என்பது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. ஒரு செய்தியை எழுதுமுன் அந்த ஆண்டில் அம்மனிதர் எங்கே இருந்தார், என்ன வயதில் இருந்தார் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால், பிழைகளில் பெரும்பகுதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டில் எரிக்கப்பட்டவர் பிஷப் நிக்கோலஸ் ரிட்லி. இவர் 1550-இல் லண்டனின் பிஷப் ஆனார். சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர். கத்தோலிக்கரான முதலாம் மேரி அரசியின் ஆட்சியில், ஹியூ லாட்டிமர் என்பவரோடு சேர்த்து 1555 அக்டோபர் 16 அன்று கொல்லப்பட்டார். படத்தில் இருந்த அமைச்சரின் பெயரும் நிக்கோலஸ் ரிட்லிதான். 1929-இல் பிறந்து 1993-இல் இறந்த இவர், மார்கரெட் தாட்சரின் அமைச்சரவையில் போக்குவரத்து, சுற்றுச்சூழல், வணிகம் ஆகிய துறைகளை அடுத்தடுத்து வகித்து, 1990-இல் பதவி விலகினார்.

நான்காமவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தோட்டப் பட்டியல்களில் எவரும் இவரைச் சேர்ப்பதில்லை. நிக்கோலஸ் ஹெரால்டு லாய்டு ரிட்லி என்பது இவருடைய முழுப்பெயர். ஹெரால்டு ரிட்லி என்றே அறியப்படுகிறார். 1906-இல் பிறந்த இக்கண் மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானிகளின் கண்களில் சிதறிப் பதிந்த பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துணுக்குகளைக் கண் எதிர்த்துத் தள்ளாமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்தார். கண்புரையை அகற்றிய இடத்தில் அதே பொருளால் செய்த வில்லையைப் பொருத்தலாம் என்று துணிந்து, 1949 நவம்பரில் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் அறுவையைத் தொடங்கினார். சக மருத்துவர் பலர் நெடுங்காலம் இதை எதிர்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில்தான் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன என் பாட்டிக்கு, முதுமையில் இரு கண்களிலும் வில்லை வைத்தார்கள். அவருடைய கை பழகிய வெட்டு முறைக்கு ஒரு ரிட்லியும், கடைசிக் காலத்தில் பேரப்பிள்ளைகளின் முகத்தை அவர் பார்க்க முடிந்ததற்கு இன்னொரு ரிட்லியும் காரணமானார்கள். 'ரிட்லி' என்று மட்டும் எழுதினால் இருவரில் ஒருவருக்கு நாம் அநீதி செய்கிறோம்.

இந்நால்வருக்கும் நிக்கோலஸ் என்ற பெயர் ஏதோ ஓர் இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். முதல் எழுத்துகளை மட்டும் போட்டு 'என். ரிட்லி' என்று எழுதினால் மூவருக்குப் பொருந்தும். ஆதலால் முழுப்பெயரை ஒருமுறையாவது விரித்து எழுதிவிட வேண்டும். அதன் பிறகே வழக்குப் பெயரைப் பயன்படுத்தலாம்.

பெயர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். திரைப்பட இயக்குநர் ரிட்லி ஸ்காட் இந்தப் பட்டியலில் சேரமாட்டார். அவருடைய குடும்பப் பெயர் ஸ்காட். நடிகை டெய்சி ரிட்லி சேருவார். பங்குனி ஆமைக்கு ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்று பெயர் இருப்பதால் அதையும் யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள். மனிதர் பட்டியலில் அதற்கு இடமில்லை. பெண்களைத் தேடும்போது திருமணத்துக்கு முந்திய பெயரையும் பார்க்க வேண்டும். அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லியின் தாயார் அர்சுலா, புதுடில்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸின் மகள்; திருமணத்தால் ரிட்லி ஆனவர். அறிவியல் எழுத்தாளர் மாட் ரிட்லி அந்த அமைச்சருக்கு அண்ணன் மகன். இத்தகைய உறவு உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே எழுதுங்கள்.

மலேசியாவில் இன்னொரு கவனமும் தேவை. 'லோ' என்பது ஆங்கிலக் குடும்பப் பெயராகவும் உண்டு, சீனக் குடும்பப் பெயராகவும் உண்டு. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றேபோல் எழுதப்படும். 1877 முதல் 1889 வரை பேராக்கின் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசனை கூறும் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்து, கோலாகங்சாரில் ரப்பர் கன்றுகளை வளர்த்த ஹியூ லோவுக்கும், கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த கட்டடத்துக்குப் பெயர் தந்த தொழிலதிபர் லோ யாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆங்கிலேயருக்குக் குடும்பப் பெயர் கடைசியில் நிற்கும், சீனருக்கு முதலில் நிற்கும் என்பதை நினைவில் வைத்தால் இவர்களைப் பிரிப்பது எளிது. ஆனால் ஹியூ லோவின் தந்தையின் பெயரும் ஹியூ லோ. அவர் லண்டனுக்கு அருகே செடிப்பண்ணை நடத்தியவர். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே இயற்பெயரை இடும் வழக்கம் ஆங்கிலேயரிடம் உண்டு என்பதால், பிறப்பு, இறப்பு ஆண்டுகள் இல்லாத குறிப்பை நான் ஏற்பதில்லை.

தந்தையும் மகனும் ஒரே மாநிலத்தில் ஒரே பதவியை வகித்தால் என்ன செய்வது? பேராக்கில் அதுவே நடந்தது. ஜேம்ஸ் வீலர் உட்ஃபோர்டு பர்ச் பேராக்கின் முதல் ரெசிடெண்ட்; 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவருடைய மகன் எர்னஸ்ட் உட்ஃபோர்டு பர்ச் 1904 முதல் 1910 வரை அதே பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தார். ஈப்போவில் உள்ள பர்ச் மணிக்கூண்டு 1909-இல், அதாவது மகனின் பதவிக் காலத்தில், தந்தையின் நினைவாக எழுப்பப்பட்டது. மணிக்கூண்டின் ஆண்டை மட்டும் பார்ப்பவர் அது மகனுக்கானது என்று எழுதிவிடுவார். பெயரை மட்டும் பார்ப்பவர் தந்தை 1909-இல் உயிரோடிருந்தார் என்று எண்ணிவிடுவார். கட்டடங்களையும் சாலைகளையும் பற்றி எழுதும்போது, பெயர் தாங்கியவரின் காலத்தையும் அது எழுப்பப்பட்ட காலத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டியது இதனால்தான்.

நேர்மாறான பிழையும் உண்டு. நியூசிலாந்தில் 1864-இல் பிரதமரான ஃபிரெடரிக் வெல்டு, பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் ஆளுநராக இருந்த வெல்டு, 1880 முதல் 1887 வரை நீரிணைக் குடியேற்றங்களின் (பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலியவை) ஆளுநராக இருந்து போர்ட் வெல்டுக்குப் பெயர் தந்தவர் எல்லாம் ஒரே மனிதர். இன்று கோலா செப்பெத்தாங் எனப்படும் அந்தத் துறைமுகத்துக்குத்தான் தைப்பிங்கிலிருந்து 1885-இல் மலாயாவின் முதல் ரயில் பாதை போடப்பட்டது. நாடு வேறு என்பதால் ஆள் வேறு என்று முடிவு கட்டாமல், ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தொடர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள்.

இவ்வளவும் தெளிந்த பிறகே எழுத உட்கார வேண்டும். நான் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்துக்கொள்கிறேன். அதில் குடும்பப் பெயர், முழுப்பெயர், ஆண்டுகள், தொழில், இடம் என்ற வரிசையில் ஒரே வாக்கியம் எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக: ரிட்லி, ஹென்றி நிக்கோலஸ் (1855–1956), தாவரவியலாளர், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர். பெருமை சேர்க்கும் அடைமொழிகளை இந்த வாக்கியத்தில் சேர்ப்பதில்லை. அவை ஆளை அடையாளம் காட்டுவதில்லை. படம் ஒட்டுவதாக இருந்தால், அந்தப் படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை அட்டையின் பின்புறம் எழுதுங்கள். நிழற்படக் கலை பிறப்பதற்கு முன்பே இறந்த பிஷப்புக்கு நிழற்படம் கிடைத்தால், அது வேறொருவருடையது என்பது உடனே தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்துக்கூட்டலில் ஒருமுறை முடிவெடுத்துக்கொண்டு அதையே இறுதிவரை கையாளுங்கள். ரிட்லி, ரிட்லே, றிட்லி என்று மூன்று விதமாகவும் அச்சில் வந்திருக்கிறது. மூன்றையும் கலந்து எழுதினால் மாணவர்கள் மூன்று குடும்பங்கள் என்று எண்ணிவிடுவார்கள். பிற வடிவங்களை அட்டையின் அடியில் குறித்து வைத்தால், பழைய மலர்களில் தேடும்போது உதவும். ஒரு நூலாசிரியரின் குடும்பப் பெயரும் நூல் யாரைப் பற்றியதோ அவருடைய குடும்பப் பெயரும் ஒன்றாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பிஷப் ரிட்லியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்களில் ஜாஸ்பர் ரிட்லி என்ற வரலாற்றாசிரியரும் ஒருவர்.

அட்டைகளை அடுக்கும்போது புகழின் அளவைப் பார்க்காமல் பிறந்த ஆண்டின்படி அடுக்குங்கள். பிஷப் முதலில் வருவார், தாவரவியலாளர் அடுத்து, கண் மருத்துவர் அதற்கடுத்து, அமைச்சர் அவருக்குப் பின். இடையிடையே வெற்று அட்டை ஒன்றிரண்டு செருகி வையுங்கள். இன்னொரு ரிட்லியை எந்தப் பிள்ளையாவது கண்டுபிடித்துக்கொண்டு வந்தால், அவரை உரிய இடத்தில் வைப்பதற்கு அது வேண்டியிருக்கும்.