பழைய காரை சரி பண்றதா, மாத்துறதா? பில்லை மட்டும் பாத்து முடிவு பண்ணிடாதீங்க

எங்க வீட்டு சான்ட்ரோ 2006-ல வந்தது. அப்பா ரிட்டையர் ஆன பணத்துல வாங்கினாங்க. செங்கோட்டைல இருந்து புளியரை எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலைன்னு கேரளாவுல இருக்க புனலூருக்கு எத்தனை தடவை போயிருக்கும்னு கணக்கே கிடையாது, தங்கச்சியை அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. இந்த வருஷம் ஆர்.சி. (வண்டி பதிவுச் சான்று) ரினிவல், கூடவே கிளட்ச், முன்னாடி சஸ்பென்ஷன், ஏ.சி.ன்னு வரிசையா வேலை வந்து நின்னதால வீட்ல ஒரே பேச்சு, வச்சுக்கலாமா குடுத்துரலாமான்னு. இதுல நானும் எங்க சொந்தக்காரங்களும் பண்ணின தப்புகள்லாம் கண் முன்னாடி இருக்கு, அதனாலதான் எழுதுறேன்.

முதல் தப்பு, வண்டி வழியில நின்ன அன்னிக்கே முடிவெடுக்கறது. எங்க சித்தப்பா மாருதி 800 வச்சிருந்தாக. ஒரு ஏப்ரல் மாசம் மத்தியானம், ஆரியங்காவு தாண்டி பானட்ல இருந்து புகை. கட்டி இழுத்துட்டுப் போய் ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டா, அங்கிருந்தவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாத்துட்டு "ஹெட் போயி சேட்டா"ன்னுட்டார், அதாவது இன்ஜினோட மேல்பகுதி போச்சுன்னு, 28,000 ஆகும்னு சொன்னார். கூட சித்தியும் பிள்ளைகளும், வெயிலு, பசி, சித்தப்பாவுக்கு மனசு விட்டுப் போச்சு. அங்கேயே ஒரு புரோக்கர் 18,000 குடுக்க, சாவியை நீட்டிட்டு பஸ் ஏறி வந்துட்டாக. வாங்கின ஆளு ஹோஸ், தெர்மோஸ்டாட் மாத்தி, ஹெட்டை லேத்துல ஃபேசிங் பண்ணி கேஸ்கெட் போட்டு 11,000-த்துல ஓட்ட ஆரம்பிச்சதா பின்னாடி தெரிய வந்துச்சு.

அப்படி நின்னுட்டா வண்டியை ஊருக்கு ஏத்திட்டு வந்துருங்க, அந்த ரெண்டு மூவாயிரம் வீண் செலவு இல்ல. ரெண்டு நாள் கழிச்சு, நமக்கு விக்கவும் வாங்கவும் ஆசைப்படாத ஒரு மெக்கானிக்கை வச்சுப் பாருங்க. டிப் ஸ்டிக்கை உருவிப் பாத்தா ஆயில் காபியில பால் கலந்த மாதிரி நுரையா இருக்கா, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ள அழுத்தம்) எவ்வளவு காட்டுது, புகை நீலமா வருதா வெள்ளையா வருதா, இதையெல்லாம் கேளுங்க. நீலம்னா ஆயில் எரியுது, சூடான பிறகும் விடாம வெள்ளையா வந்தா கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணி) உள்ள போகுது. கம்ப்ரஷன் செக் பண்ண அரை மணி நேரம் போதும், அதைக்கூட பண்ணாம இன்ஜின் போச்சுன்னு சொல்றவரை நம்பி வண்டியை விக்காதீங்க.

அடுத்தது எல்லாரும் பண்றது. "வண்டி வித்தா 60,000 கூட போகாது, வேலைக்கு 55,000 கேக்கான், தூக்கிப் போடு"ன்னு சொல்லுவாங்க. இந்த ரெண்டு தொகையையும் எதுக்கு பக்கத்துல பக்கத்துல வைக்கணும்? நாம அந்த விலைக்கு விக்கப் போறதா இருந்தாதான அந்தக் கணக்கு. புது வண்டிக்கு 5 லட்சம் லோனு, 9.5 சதவீத வட்டி, 5 வருஷம்னா மாசம் சுமார் 10,500 கட்டணும், வருஷத்துக்கு 1,26,000, அது போக முன்பணம், ஃபுல் இன்சூரன்ஸ். 55,000 செலவு பண்ணி ரெண்டு வருஷம் ஓடுச்சுன்னா மாசம் 2,300-தான் விழுது. புது வண்டி விலையும் நிக்காது, இன்சூரன்ஸ்காரங்க ஐ.டி.வி. (வண்டியோட இன்னைய மதிப்பு) போடற அட்டவணைலயே முதல் 6 மாசத்துல 5 சதவீதம், 5-வது வருஷம் முடியறப்ப 50 சதவீதம்னு கழிச்சுடுறாங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமா குறைஞ்சது நல்ல விஷயம்தான், ஆனா விலை குறைஞ்சதுங்கறதுக்காக மட்டும் ஓடுற வண்டியை மாத்த வேண்டியதில்ல.

ஆனா இதே கணக்கை வச்சு நம்மளையே ஏமாத்திக்கவும் செய்யலாம், நான் செஞ்சிருக்கேன். "போன வருஷம்தான ஏ.சி. கம்ப்ரசருக்கு 22,000 போட்டோம், இப்ப எப்படி விக்கறது"ன்னு. போட்ட காசு போனதுதான், அதை இன்னைய முடிவுக்குள்ள கொண்டு வரக் கூடாது. பாக்க வேண்டியது இனிமே வரப்போற செலவு. அப்பா டேஷ்போர்டுல ஒரு டைரி வச்சிருப்பாக, 2006-ல இருந்து ஆயில் மாத்தினது, பேட்டரி, டயர், எல்லாம் தேதியோட கிலோமீட்டரோட. அதைப் பாத்து அடுத்த ரெண்டு வருஷத்துக்கு என்னென்ன வரும்னு ஒரு தாள்ல எழுதினோம். டைமிங் பெல்ட், டயர் (சைடுல இருக்க கடைசி நாலு எண்ணுல முதல் ரெண்டு எண் தயாரான வாரத்தையும், அடுத்த ரெண்டு எண் வருஷத்தையும் காட்டும், டயர் பட்டன் தேயலைன்னாலும் ரப்பர் கிழடாகிடும்), பிரேக் ஆயில், இப்ப அநேகமா எல்லா பங்க்லயும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான்கறதால பழைய ஃபியூயல் ஹோஸ், ரப்பர் வாஷர்கள். அந்தத் தாளை மெக்கானிக்கிட்ட குடுத்து மொத்தமா எவ்வளவுன்னு கேட்டதுக்கப்புறம்தான் எங்களுக்கு உண்மையான தொகை தெரிஞ்சது. ஒவ்வொரு பில்லா பாத்தா எல்லாமே சின்னதாத்தான் தெரியும்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது. எல்லாரும் இன்ஜினைத்தான் பாக்காங்க. இன்ஜினை இறக்கி ரிங், பேரிங் மாத்தலாம், வேற இன்ஜினே வச்சு ஆர்.சி.ல ஏத்திக்கலாம். கியர்பாக்ஸும் அப்படித்தான். ஆனா பாடி உளுத்துப் போச்சுன்னா அந்த வண்டிக்கு வழி கிடையாது. எங்க ஊரு சங்கதி தெரியும்ல, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் குற்றால சீசன், சாரல் விடாம தூறும், வண்டி அடியில சேறு காயவே காயாது. கேரளா பக்கம் ரெண்டு பருவ மழையும் உண்டு. கதவைத் திறந்தா காலு வைக்கற இடத்துக்குக் கீழ ஒரு நீளப் பட்டை மாதிரி போகுதுல்ல, அது, ஜாக்கி வைக்கற இடம், முன்னாடி ஷாக் அப்சர்பர் மேல பிடிக்கற டவர், மிதியடிக்குக் கீழ இருக்க தரை, இதுகளைத்தான் பாக்கணும்.

எங்க வண்டியை லிஃப்ட்ல ஏத்தி நானே ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டிப் பாத்தேன். வலது பக்கம் முழுக்க டங் டங்குன்னு கெட்டியா கேட்டுச்சு. இடது பக்கம் பின் சக்கரத்துக்கிட்ட வந்ததும் பொத்துன்னு அமுங்கின சத்தம், லேசா முனையை வச்சு அழுத்தினா பெயிண்ட்டோட உள்ள போயிருச்சு, ஒரு கை நிறைய துருத்தூள் கொட்டுச்சு. எப்பவோ டிங்கரிங் பண்ணினவர் துருவை வெட்டாம மேல பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சுட்டுப் போயிருக்கார். காந்தத்தை வச்சுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும், பட்டி மேல காந்தம் ஒட்டாது. நல்லவேளை ஓரடி நீளத்தோட நின்னுச்சு, வெட்டியெடுத்து புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணியாச்சு. டவர் ரெண்டும் கெட்டியா இருக்கு. அது மட்டும் உளுத்திருந்தா, இன்ஜின் எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி, அப்பாகிட்ட சொல்லி அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். புளியரை இறக்கத்துல முன்னாடி பின்னாடி லோடு லாரி வர்றப்போ அந்த டவர் விட்டுப் போனா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க.

15 வருஷம் ஆச்சுன்னா காயலான் கடைதான்னு புரோக்கர்கள் பயமுறுத்துவாங்க, அதைக் கேட்டு வந்த விலைக்குக் குடுக்கறவங்க நிறைய பேரு. டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருஷம்னு தடை வந்தது டெல்லி தலைநகர் பகுதிக்கு. இங்க சொந்த உபயோக காருக்கு 15 வருஷம் முடிஞ்சா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி, பசுமை வரி கட்டி, 5 வருஷத்துக்கு ரினிவல் பண்ணிக்கலாம். ஃபீஸ்தான் ஏறிடுச்சு, 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு 5,000, 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. தேதியை விட்டுட்டா மாசத்துக்கு 500 அபராதம். அதனால முடிவை தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எடுத்துடுங்க.

மாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டு, அவசரத்துல பார்டர் தாண்டி சல்லிசா ஒரு வண்டி வாங்குறது எங்க ஊர்ப்பக்கத்துக்கே உரிய தப்பு. சித்தப்பாவும் அதைத்தான் பண்ணினாக. 800-ஐ குடுத்த அடுத்த வாரமே ஒரு டீசல் கார், வெளிய பளபளன்னு இருந்துச்சு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல முங்கின வண்டின்னு ஆறு மாசம் கழிச்சு வயரிங் ஒவ்வொண்ணா போனப்பதான் புரிஞ்சது. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, உள்சுருள்ல சேத்துக்கறை இருக்கும். சீட்டு நகர்ற ரெயில்ல துரு, கார்ப்பெட்டைத் தூக்கினா வண்டல், ஸ்டெப்னி குழியில தண்ணிக்கோடு. இன்னொண்ணு, கே.எல். வண்டின்னா, அதாவது கேரளா நம்பர்னா, அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கணும், இங்க கொண்டு வந்து லைஃப் டாக்ஸ் கட்டி நம்பர் மாத்தணும், அந்தச் செலவைக் கூட்டினா சல்லிசுன்னு சொல்ல முடியாது.

பாசத்தைப் பத்தியும் சொல்லணும். பழைய காரை வச்சுக்கறதுக்கு பாசம் ஒரு நல்ல காரணம்தான், அதை மைலேஜு, மெயின்டனன்ஸ்னு வேற பேரு சொல்லி மறைக்க வேண்டாம். வருஷத்துக்கு இவ்வளவு ரூபா இந்தப் பாசத்துக்குன்னு வெளிப்படையா ஒதுக்கிடுங்க, நாங்க 30,000 வச்சிருக்கோம். ஆனா பாசத்துக்காக உயிரை வைக்காதீங்க. எங்க வண்டியில ஏர்பேக் இல்ல, பிரேக் அழுத்தறப்ப சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ஏ.பி.எஸ். இல்ல. டிரைவர் ஏர்பேக்கே 2019 ஜூலைல இருந்துதான் எல்லா புது காருக்கும் கட்டாயம். அதனால சான்ட்ரோ இனிமே தென்காசி, குற்றாலம், பண்பொழி கோயில், அவ்வளவுதான். குழந்தைகளோட ராத்திரி மலை ஏறணும்னா வாடகைக்கு நல்ல வண்டி எடுத்துக்கறோம், வருஷத்துக்கு நாலஞ்சு தடவைதான் வருது. அப்பாவுக்கு முதல்ல வருத்தம், இப்ப சாயங்காலம் அவுகளே எடுத்துட்டு காய் வாங்கப் போறாக.

ஒருவேளை குடுக்கறதுன்னே முடிவாச்சுன்னா, ஆர்.சி.ல பேரு மாத்தாம சாவியைக் குடுக்கறதுதான் கடைசித் தப்பு. 18,000-க்கு போன அந்த 800 ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பைக்காரர் மேல மோதி, கேஸு சித்தப்பா பேருக்கு வந்துச்சு. வண்டி எத்தனை கை மாறினாலும் ஆர்.சி.ல யார் பேரு இருக்கோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. பேரு மாத்தறதுக்கான ஃபாரம் 29, 30-ஐ நிரப்பி, வாங்குறவர் கையெழுத்தையும் அன்னிக்கே வாங்கிடுங்க, 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியப்படுத்துங்க, கேரளாவுக்குப் போற வண்டின்னா என்.ஓ.சி. போடாம நகர விடாதீங்க. விலையில கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கிட்டு, பேரு மாறின ஆர்.சி.யை கண்ணால பாத்தப்புறம் பாக்கிப் பணத்தை வாங்கிக்கிட்டு ரெண்டாவது சாவியைக் குடுங்க.