பஸ்ஸில் கேட்டே இந்தோனேசிய மொழி பேசப் பழகலாம்: நான் படித்த முறை

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் ஒரு நூல் ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை உறுதியானபோது, கிளம்ப மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். மொழி படித்தது அந்த நேரத்தில்தான். இப்போது அதே மாதிரி வேலைக்குக் கிளம்பும் தம்பிமார் கேட்பதால் எழுதுகிறேன். பாடத்தை இறக்குவது, போனில் ஏற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: இடைவெளி விடுகிற பாடமாக எடுங்கள்

வார்த்தை, அர்த்தம், வார்த்தை, அர்த்தம் என்று ஒப்பிக்கிற ஆடியோக்களை விட்டுவிடுங்கள். கேட்கும்போது எல்லாம் புரியும்; வாயில் ஒன்றும் வராது. கேள்வி கேட்டு, பதில் சொல்ல உங்களுக்கு நேரம் விட்டு, அதன் பிறகு சரியான பதிலைத் தருகிற பாடம்தான் வேண்டும். நான் பிடித்துக்கொண்டது பிம்ஸ்லர் முறை. ஒரு சொல்லை மறக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி கேட்க வேண்டும் என்று மொழியியலாளர் பால் பிம்ஸ்லர் 1967-ல் ஒரு கணக்கு போட்டார்: 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம் என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும். பாடம் அரை மணி நேரம். திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறினால் சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் ஒன்று முடியும்.

படி 2: வாயைத் திறந்து சொல்லுங்கள்

இடைவெளியில் மனதுக்குள் சொன்னால் கணக்கில் வராது. பஸ்ஸில் மெதுவாக முணுமுணுங்கள். மறுநாள் காலையில் ஆற்றுப் பக்கம் நடக்கும்போது அதே பாடத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும்.

படி 3: தமிழ் எழுத்தில் குறிப்பு எடுக்காதீர்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. முதல் வாரமே ஒரு நோட்டுப் போட்டு, கேட்டதை எல்லாம் தமிழில் எழுதினேன். 'காலை' என்பதற்குப் பாகி. 'பங்கிடு' என்பதற்கும் பாகி. காலைக்குப் பாட்டியில் வரும் ப, பங்கிடுவதற்கு பஸ்ஸில் வரும் ப. நோட்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அதைவிடப் பெரிய சிக்கல், மெல்லெழுத்தை அடுத்து வல்லெழுத்து வரும்போது. பந்து, பம்பரம், சங்கு என்று சொல்லிப் பாருங்கள். த, ப, க மூன்றும் தாமாகவே மென்மையாகிவிடும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறோம். இந்தோனேசிய மொழியில் அப்படி இல்லை. 'கேட்டு வாங்குவது' மின்-த்தா. தட்டில் வரும் அழுத்தமான த. நான் 'மிந்தா கோபி' (காப்பி கேட்பது) என்று எழுதி வைத்து அப்படியே படித்ததால், அங்கே போன முதல் வாரம் கடைக்கார அம்மா மூன்று முறை திருப்பிக் கேட்டார். 'காத்திரு' என்பதும் 'அடுப்பு' என்பதும் தமிழில் எழுதினால் துங்கு, துங்குதான். காத்திருப்பதில் நம் சங்கின் மெல்லிய க. அடுப்பில் கல்லின் க.

அங்ஙனம் என்பதில் வருகிற ங ஒலியும் அங்கே தனியாக வரும். கை என்பது தாஙான், ஏணி என்பது தாங்கா.

அதனால் முதல் பத்துப் பாடத்துக்குப் பேனாவே எடுக்காதீர்கள். பிறகு ரோமன் எழுத்தில் எழுதுங்கள். 1972-ல் சீர்திருத்திய எழுத்துமுறை பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்க விடும். 'இ' என்று நாம் ஆங்கிலத்தில் படிக்கும் e எழுத்துக்கு மட்டும் இரண்டு ஒலி: ருசி என்பதற்கான ஏனாக்கில் தெளிவான ஏ, ஆறு என்பதற்கான எனாமில் வாய் பாதிகூடத் திறக்காத ஒலி. இந்தப் பதிவில் தமிழில் நான் எழுதியிருப்பவை அடையாளத்துக்குத்தான். ஒலியைப் பாடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். போனில் உங்கள் குரலைப் பதிந்து, பாடத்தின் குரலோடு அடுத்தடுத்து போட்டுக் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

படி 4: கேள்வியைத் தமிழுக்கு மாற்றுங்கள்

பாடங்கள் ஆங்கிலத்தில் கேட்கும். ஆங்கிலத்தில் 'வி' (we) ஒன்றுதான், இந்தோனேசியத்தில் காமி, கித்தா என்று இரண்டு. இதை விளக்க ஆங்கிலப் பாடம் திணறும். நமக்கு விளக்கமே வேண்டாம்: காமி நாங்கள், கித்தா நாம். அதனால் பத்துப் பாடம் முடிந்ததும் என் தங்கையை உட்காரவைத்து, கேள்விகளை நம்மூர்த் தமிழில் பேசச் சொல்லிப் பதிந்துகொண்டேன். வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற ஆடியோ மென்பொருள் போதும், இலவசம்.

அவள் குரலில் "சாப்டாச்சா?" என்று கேட்டதும் "சுடா மாக்கான்?" தானாக வந்தது. அங்கேயும் பார்த்ததும் அதைத்தான் கேட்பார்கள். சாப்பிடவில்லை என்றால் திடாக் (இல்லை) என்று சொல்லாதீர்கள். சாப்பாடே வேண்டாம் என்பதுபோல ஆகிவிடும். 'இன்னும் இல்லை' என்பதற்கு பெலும் என்று தனிச் சொல் இருக்கிறது. கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டாலும் ஆகாதவர்கள் பெலும்தான் சொல்ல வேண்டும்.

படி 5: பேச்சு வழக்குக்கு இறங்குங்கள்

பாடத்தில் வருவது மேடைத் தமிழ் மாதிரி. ஆலைக்குள் திடாக் ங்காக் ஆகும், சுடா உடா ஆகும், 'எப்படி' என்ற பகைமானா கிமானா ஆகும். இருக்கிறது 'இருக்கு' ஆவதுபோல. பத்து இருபது சொல்தான், முதலிலேயே பழகிவிடுங்கள்.

மூத்தவர்களை 'நீ' என்ற காமு போட்டுக் கூப்பிடக் கூடாது. ஆண் என்றால் பாக், பெண் என்றால் இபு. நாம் கடைக்காரரை அண்ணாச்சி என்கிற அதே பழக்கம். மேற்கு ஜாவாவின் பாண்டுங் பக்கம் சுண்டா மொழி பேசுபவர்கள், அங்கே அக்காவை தெத்தே என்று கூப்பிட்டால் முகம் மலர்ந்துவிடும்.

பின்சேர்க்கை: கடையநல்லூர்க்காரர் ஒருவர், மலேசியாவில் பத்து வருஷம் இருந்ததால் மலாய் தெரியும், இந்தப் பாடம் வேண்டுமா என்று கேட்டார். பாதி தூரம் வந்துவிட்டீர்கள், ஆனால் சில சொற்களைக் கவனியுங்கள். அங்கே இலவசம் என்று பொருள்படும் பெர்ச்சுமா, இந்தோனேசியாவில் 'வீண்'. முடியும் என்பதற்கு போலே அல்ல, பீசா என்று சொல்லிப் பழகுங்கள். மலேசியாவில் கெரெத்தா என்றால் கார், ஜாவாவில் ரயில். ஸ்டேஷனுக்கு வழி கேட்கும்போது கெரெத்தா ஆப்பி என்று முழுதாகவே சொல்லிவிடுங்கள்.