டவர் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் சுத்துதா?

நெட் சரியில்லை என்றதும் எல்லோரும் முதலில் பார்ப்பது திரையின் மூலையில் இருக்கும் கோடுகளைத்தான். அதை நம்பாதீர்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு காட்ட வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது, அதனால் ஒரே மேசையில் ஒரே நெட்வொர்க்கின் இரண்டு போன்கள் வேறு வேறு கோடு காட்டும். ஃபைபர் வராத தெருவில் 4ஜி, 5ஜி ரவுட்டரை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். போன் ஹாட்ஸ்பாட்டிலேயே காலத்தை ஓட்டுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். (ஃபைபர் கிடைக்கிற இடம் என்றால் இதையெல்லாம் படிக்காமல் ஃபைபர் போட்டுவிடுங்கள்.)

முதலில் எண்களைப் பார்க்கப் பழக வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தால் ஒரு தகவல் பக்கம் திறக்கும், ஐபோனில் *3001#12345#* போட்டு கால் பொத்தானை அழுத்த வேண்டும். ரவுட்டர் என்றால் அதன் அட்மின் பக்கத்தில் நிலவரம் என்ற பகுதியில் இருக்கும். அங்கே வருகிற பத்து இருபது எண்களில் நமக்கு மூன்று போதும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். மைனஸில்தான் வரும், -80 அருமை, -100 சுமார், -110 இழுபறி, -120 பக்கம் போனால் அறுந்துவிடும். எஸ்ஐஎன்ஆர் என்பது சிக்னலின் சுத்தம், அதாவது நம் டவரின் சிக்னல் மற்ற டவர்களின் குறுக்கீட்டையும் இரைச்சலையும் விட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. 20க்கு மேல் இருந்தால் கவலையே வேண்டாம், 10 இருந்தால் வேலை ஓடும், 0க்குக் கீழே போனால் தலைவலி. மூன்றாவதான ஆர்எஸ்ஆர்க்யூவுக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

பலத்தைவிடச் சுத்தம்தான் முக்கியம். கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எவ்வளவு கத்திப் பேசினாலும் கெட்டிமேளம் கொட்டும்போது ஒன்றும் காதில் விழாது, இல்லையா, அதே கதைதான். இதற்குக் கணக்கும் உண்டு. 1948ல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் கொடுத்த சூத்திரத்தின்படி, 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி அலைவரிசையில் எஸ்ஐஎன்ஆர் 20 டெசிபெல் (அந்த எண்ணின் அலகு) இருந்தால் ஓர் ஓடைக்கு, அதாவது இணையாக ஓடும் டேட்டாத் தடங்களில் ஒன்றுக்கு, உச்சவரம்பு நொடிக்குச் சுமார் 133 மெகாபிட். அதே அகலத்தில் எஸ்ஐஎன்ஆர் 0 என்றால் வெறும் 20. இரண்டு நிலையிலும் போன் முழுக் கோடு காட்டிக்கொண்டு நிற்கலாம்! நான்கைந்து டவர்கள் சம பலத்தில் வந்து விழும் மேல்மாடி வீடுகளில்தான் இந்தக் கூத்து அதிகம் நடக்கும்.

சரி, அடுத்த கேள்வி: கோளாறு நம் வீட்டிலா, டவரிலா? இதைக் கண்டுபிடிக்காமல் காசைச் செலவழிக்கக் கூடாது. ரவுட்டரை அசைக்காமல் ஒரே இடத்தில் வைத்துவிட்டு விடியற்காலை 5 மணிக்கு ஒரு முறையும் இரவு 9 மணிக்கு ஒரு முறையும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், கூடவே ஸ்பீடு டெஸ்ட்டும் எடுங்கள். இங்கேதான் ஆர்எஸ்ஆர்க்யூ உதவும். டவர் சும்மா இருக்கும்போது இது நன்றாக இருக்கும், நெரிசல் ஏற ஏறச் சரியும். ஆர்எஸ்ஆர்பி இரண்டு வேளையும் ஒன்றேபோல் இருந்து, ஆர்எஸ்ஆர்க்யூ காலையில் -8, இரவில் -13 என்று இறங்கி, வேகமும் கூடவே படுத்தால் அது நெரிசல். ஐபிஎல் நடக்கும் இரவுகளில் இது அப்பட்டமாகத் தெரியும். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜியில் ஒவ்வொரு மில்லிநொடியும் பங்கு போட இருப்பது 100 துண்டுகள்தான், டவர் உங்கள் பக்கமாகப் பார்க்கும் திசையில் இருக்கிற அத்தனை போன்களுக்கும் அதைத்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். காலையிலும் மோசம், இரவிலும் மோசம் என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கம், அதை நீங்களே சரிசெய்யலாம்.

முதல் வைத்தியம் இலவசம்: ரவுட்டரை நகர்த்துங்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஹாலில் டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் பதுங்கி இருக்கும். ஒரு கான்கிரீட் சுவரே 10, 15 டெசிபெலை விழுங்கிவிடும், தகரக் கூரை இன்னும் மோசம். எல்லா ஜன்னலையும் முயன்று பாருங்கள், ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடமாவது பொறுத்து எஸ்ஐஎன்ஆரைக் குறியுங்கள். நல்ல ஜன்னல் கிடைத்ததும் நின்றுவிடாமல் அதே ஜன்னலிலேயே ஒரு சாண் இடம், வலம், மேலே, கீழே என்று நகர்த்திப் பாருங்கள். 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 17 சென்டிமீட்டர், சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓர் இடத்தில் ஒன்றையொன்று அழித்து, அரைச்சாண் தள்ளி ஒன்றோடொன்று கூடும். அதனால் இந்தச் சின்ன நகர்த்தலிலேயே பல டெசிபெல் ஏறலாம். வைஃபை வீட்டின் மறுமூலைக்கு எட்டவில்லை என்ற கவலைக்காக ரவுட்டரை நடுவீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவராதீர்கள், ஒரு ஈதர்நெட் கேபிளை இழுத்து உள்ளே தனி வைஃபை பெட்டி வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பேண்ட், அதாவது சிக்னல் ஓடும் அலைவரிசைத் தொகுப்பு. இந்தியாவில் 4ஜி ஓடும் பேண்டுகளில் 5, 8 ஆகியவை (850, 900 மெகாஹெர்ட்ஸ்) சுவரைத் துளைத்து உள்ளே வரும், ஆனால் அகலம் குறைவு. பேண்ட் 3 (1800) நடுவாந்திரம். பேண்ட் 40 (2300) அகலமானது, வேகம் தரும், சுவர் என்றால் மட்டும் பயப்படும். உள்ளறையில் இருக்கும் ரவுட்டர் பேண்ட் 5ல் ஒட்டிக்கொண்டு கோடுகளை நிறையக் காட்டும், ஊரே அந்த ஒடுங்கிய சந்தில் நிற்பதால் நெட் நகராது. ஜன்னலுக்குப் போனதும் அதுவே பேண்ட் 40ஐப் பிடித்துவிடும். வெளியில் விற்கிற பல ரவுட்டர்களில் பேண்டைப் பூட்டும் வசதி (நாம் சொல்லும் பேண்டிலேயே நிறுத்தி வைப்பது) உண்டு, நெட்வொர்க் கம்பெனி கொடுக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. பூட்டிப் பார்ப்பது என்றால் நெரிசல் நேரத்தில் பாருங்கள், மதியம் 2 மணிக்கு எல்லா பேண்டும் நன்றாகத்தான் ஓடும்.

5ஜிக்கு ஒரு வார்த்தை. 2022 அக்டோபரில் தொடங்கியபோது ஜியோ தனித்து நிற்கும் 5ஜியைப் போட்டது, ஏர்டெல் 4ஜியின் தோளில் 5ஜியை ஏற்றியது. இரண்டாவது வகையில் 4ஜி சிக்னல் ஆடினால் 5ஜியும் சேர்ந்தே விழும். எந்த வகையானாலும் 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் 5ஜியின் விளிம்பில் உங்கள் வீடு இருந்தால் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தாவலிலும் வீடியோ கால் திக்கும். அந்த மாதிரி வீட்டில் 4ஜியிலேயே நிறுத்தி வைப்பது நல்லது. ஸ்பீடு டெஸ்ட்டில் பெரிய எண் வந்து என்ன பிரயோஜனம், மீட்டிங்கில் குரல் கேட்க வேண்டுமே.

ஜன்னலிலும் தேறவில்லையா, மொட்டை மாடிக்குப் போக வேண்டியதுதான். திசை ஆன்டெனா வாங்குகிறவர்கள் அதன் டெசிபெல் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், ஆனால் அதன் பெரிய உபயோகம் மற்ற திசைகளிலிருந்து வரும் டவர்களை அடக்குவது. ஆகவே ஆன்டெனாவைத் திருப்பும்போது ஆர்எஸ்ஆர்பி ஏறுகிறதா என்று பார்க்காமல் எஸ்ஐஎன்ஆர் ஏறுகிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற டவர்தான் உங்கள் டவர் என்று நினைக்காதீர்கள், அது வேறு கம்பெனியுடையதாக இருக்கலாம், அல்லது அதன் முகம் உங்கள் பக்கம் இல்லாமல் இருக்கலாம். இரண்டு கேபிள் உள்ள ஆன்டெனாவே வாங்குங்கள், ஒன்றை மட்டும் சொருகினால் இரண்டு ஓடைகளில் ஒன்று போய்விடும்.

கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்ஜி-58 என்கிற மெலிந்த கேபிள் பேண்ட் 40ல் 10 மீட்டருக்கு 8 முதல் 10 டெசிபெல் வரை தின்றுவிடும், ஆன்டெனா சம்பாதித்துக் கொடுத்தது அங்கேயே காலி. தடித்த எல்எம்ஆர்-400 என்றால் 2 டெசிபெல் அளவில் முடியும், விலைதான் கடிக்கும். என்னைக் கேட்டால் கேபிளே வேண்டாம். வெளியில் வைப்பதற்கென்றே வரும் ரவுட்டரை மாடியில் மாட்டிவிட்டு, மின்சாரத்தையும் டேட்டாவையும் ஒரே ஈதர்நெட் கேபிளில் கொண்டுபோய்விடலாம், 100 மீட்டர் வரை இழப்பைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கத்திரி வெயிலில் பெட்டி கொதித்து வேகம் குறையும் என்பதால் நிழல் விழும் பக்கமாக மாட்டுங்கள், இடிக்கு எர்த்திங் கட்டாயம்.

சந்தையில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் தொடாதீர்கள். அனுமதி இல்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம். அது தவிர, நல்ல சிக்னலோடு குப்பையையும் சேர்த்தே பெருக்குவதால் கோடு ஏறும், சுத்தம் ஏறாது. அது டவரை நோக்கிக் கக்கும் இரைச்சலில் அக்கம்பக்கம் எல்லோருடைய அப்லோடும் கெடும்.

அப்லோடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டவர் ஓர் அலைவரிசைக்கு 40 வாட் அளவில் கத்தும், உங்கள் போன் அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்லும். யூடியூப் ஓடுகிறது, ஜூமில் மட்டும் நம் குரல் போகவில்லை என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். இன்னொரு காரணம் ரவுட்டருக்குள் தேங்கும் வரிசை. ஒரு பெரிய வீடியோவை கூகுள் டிரைவில் ஏற்றிக்கொண்டே பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பும் நேரம்) அடித்துப் பாருங்கள், 50 மில்லிநொடியில் இருந்தது 500, 800 என்று ஏறினால் போட்டோ பேக்கப் ஓடும்போதெல்லாம் உங்கள் கால் திக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போட முடிகிற ரவுட்டரில், வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் வசதியை இயக்கி, நெரிசல் நேரத்தில் கிடைக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வரம்பு வையுங்கள். அது முடியாது என்றால் பேக்கப்பை இரவு 2 மணிக்குத் தள்ளிவிடுங்கள்.

அறுந்துபோகவே கூடாத வேலை என்றால் வேறு நெட்வொர்க்கில் இரண்டாவது சிம் வேண்டும். ஆனால் இரண்டு கம்பெனியும் ஒரே டவர் கம்பத்தில் குடியிருப்பது இங்கே சர்வ சாதாரணம், கரண்ட் போய் அங்கே பேட்டரி தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். அரசின் தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் பகுதி டவர்களைப் பார்க்கலாம். நீண்ட மின்வெட்டில் இரண்டு சிம்மும் ஒரே நேரத்தில் போகிறதா என்று கவனித்தாலும் தெரிந்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் சென்னையில் பல பகுதிகளில் சிக்னல் போனது நினைவிருக்கும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வைப்பது இதில் மலிவான காரியம்.

நெரிசல்தான் கோளாறு என்று காலை, இரவுக் கணக்கில் தெரிந்துவிட்டால், அதே கம்பெனியில் ஆன்டெனா வாங்கிப் பெரிய பலன் இருக்காது. வேறு கம்பெனி சிம்மைப் போட்டு அதே இரவு 9 மணிக்குச் சோதியுங்கள், எதுவும் தேறவில்லை என்றால் புகார்தான் வழி. 198க்கு அழைத்து வெறுமனே நெட் ஸ்லோ என்று சொன்னால் போனை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வார்கள். செல் ஐடி (நீங்கள் பிடித்திருக்கும் டவர் திசையின் அடையாள எண்), நேரம், ஆர்எஸ்ஆர்பி, காலை இரவு வேகம் எல்லாவற்றையும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். 4ஜியின் நீளமான செல் ஐடியை 256ஆல் வகுத்தால் ஈவு டவரின் எண், மீதி அந்தத் திசையின் எண், இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை நேரடியாக எடுத்துக்கொள்ளாது, அதனால் அங்கே எழுதி நேரத்தைப் போக்க வேண்டாம்.