பழைய கமாரோ 350: வயரிங்கில் தொடங்கி கார்புரேட்டரில் முடிப்போம்

ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது) எஞ்சின் தடுமாறினால் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். திருகைக் கொஞ்சம் திருப்பியதும் சத்தம் மாறும், சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். மறுநாள் காலை அதே தடுமாற்றம். பழைய வி8 எஞ்சின்களில் கோளாறு பல நேரம் தேய்ந்த பாயின்டிலோ (தீப்பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்), நகர்ந்துபோன டைமிங்கிலோ (தீப்பொறி விழும் நேரம்), துருவேறிய எர்த் வயரிலோ இருக்கும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் மின்சாரம், அடுத்து டைமிங், கடைசியில்தான் பெட்ரோல்.

இங்கே எடுத்துக்கொள்வது 1969 ஷெவர்லே கமாரோ எஸ்எஸ். அதில் 350 கன அங்குல (5.7 லிட்டர்) வி8, 300 குதிரைத்திறன், குவாட்ராஜெட் கார்புரேட்டர். 1955இல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய ஸ்மால் பிளாக் (ஷெவர்லேயின் சிறிய வகை வி8) குடும்பத்தில் 350 வந்தது 1967 கமாரோவில். பாயின்ட் வைத்த மற்ற ஷெவி ஸ்மால் பிளாக்குகளுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும். ஃபோர்டுக்குப் பொருந்தாது; அங்கே தீ வரிசையும் (சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை), பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் சுற்றும் திசையும் வேறு.

தேவையானவை: மல்டிமீட்டர், டுவெல் மீட்டர் (பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை, அதாவது டுவெல்லை, அளப்பது), டைமிங் லைட், வேக்யூம் கேஜ், ஃபீலர் கேஜ், 1/8 அங்குல ஆலன் கீ, 9/16 ஸ்பேனர். பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று. கராஜ் கதவைத் திறந்து வையுங்கள், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், தொளதொள சட்டைக் கையை மடித்துவிடுங்கள். ஓடும் ஃபேன் கண்ணுக்கே தெரியாது.

படி 1: எர்த்தும் காயிலும்

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் பட்டைகளை அவிழ்த்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் காரணமே தெரியாத பல கோளாறுகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது காயில், பிளக்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தருவது. பாசிட்டிவ் முனைக்குச் சாவியிலிருந்து ஒரு வயர் வரும், நெகட்டிவ் முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு வயர் போகும். சாவியிலிருந்து வருவது சாதாரண வயர் அல்ல, மின்தடை வயர். எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட்டைக் குறைத்து, பாயின்ட் கருகாமல் காப்பது அதுதான். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் ஸ்டார்ட்டர் சொலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) ஆர் முனையிலிருந்து மஞ்சள் வயர் வழியாகக் காயிலுக்கு முழு பேட்டரி மின்சாரம் கிடைக்கும். பக்கத்தில் எஸ் முனைக்கு வரும் ஊதா வயர், சொலினாய்டை இயக்குவது. இரண்டையும் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

பேட்டரியை மீண்டும் இணைத்து, சாவியை ஆன் செய்து, காயில் பாசிட்டிவில் மீட்டரை வையுங்கள். பாயின்ட் மூடியிருந்தால் பேட்டரி அளவைவிட நன்றாகக் குறைந்து காட்ட வேண்டும். திறந்திருந்தால் மின்னோட்டமே இருக்காது, அதனால் 12 காட்டும்; அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மூடிய நிலையிலும் 12 காட்டினால் யாரோ அந்த வயரை எடுத்துவிட்டுச் சாதாரண வயரைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். சோதனை முடிந்ததும் சாவியை அணையுங்கள். நீண்ட நேரம் ஆனில் விட்டால் காயில் சூடேறிக் கெடும்.

படி 2: பிளக் வயர்கள்

தீ வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகார முள் திசையில் சுற்றும். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றுங்கள். எட்டையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் குழப்பம் நிச்சயம். பிளக் இடைவெளி 0.035 அங்குலம்.

வரிசையில் 5க்கு அடுத்து 7 வருவதைக் கவனியுங்கள். இரண்டு சிலிண்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அவற்றின் வயர்கள் ஒட்டி இணையாகப் போனால், 5இல் பாயும் மின்சாரம் 7இன் வயரிலும் மின்னழுத்தத்தைத் தூண்டி, நேரத்துக்கு முன்பே தீப்பொறி விழவைக்கும். மிஸ் அடிக்கும், எஞ்சினுக்கும் கேடு. இரண்டையும் தனித்தனி கிளிப்பில் விலக்கி ஓட்டுங்கள். எக்ஸாஸ்ட் குழாயைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பாயின்டும் டுவெல்லும்

புதிய பாயின்ட் போட்டால் கண்டன்சரையும் (பாயின்ட் கருகாமல் காக்கும் சிறு பாகம்) சேர்த்து மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்டைத் தள்ளித் திறக்கும் கேமின் மேல் மிளகளவு கிரீஸ் போதும். தொடக்க இடைவெளி 0.019 அங்குலம்.

இந்த டிஸ்ட்ரிபியூட்டரில் எனக்கு மிகப் பிடித்தது மூடியில் உள்ள சிறு ஜன்னல். எஞ்சின் ஓடும்போதே அதைத் தூக்கி ஆலன் கீயை நுழைத்து, டுவெல் மீட்டரில் 30 டிகிரி வரும்வரை திருப்பலாம். 28 முதல் 32 வரை ஏற்கலாம். மீட்டர் இல்லையென்றால் எஞ்சின் மிஸ் அடிக்கும்வரை கடிகார திசையில் திருப்பி, அரைச் சுற்று பின்னால் வாருங்கள்.

டுவெல்லை முடிக்காமல் டைமிங்கைத் தொடாதீர்கள். டுவெல் 1 டிகிரி கூடினால் டைமிங் ஏறக்குறைய 1 டிகிரி பின்தங்கும்.

படி 4: டைமிங்

எஞ்சின் சூடாகட்டும். வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸைக் (எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை முந்தவைக்கும் குழாய்) கழற்றி அதன் வாயை அடையுங்கள். லைட்டின் கிளிப்பை 1ஆம் வயரில் மாட்டுங்கள். கிளாம்ப் போல்ட்டை லேசாகத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புங்கள். கடிகார திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முந்தும்.

தொழிற்சாலை அளவு கியர்பாக்ஸுக்கு ஏற்ப மாறும். சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். சாலையில் ஓடும் சாதாரண 350க்கு நான் அதிகம் மதிப்பது மொத்த டைமிங்கைத்தான்; ஐடில் அளவோடு, வேகம் கூடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் தானே முந்தவைக்கும் அளவும் சேர்ந்தது அது. 3000 ஆர்பிஎம் அளவில், வேக்யூம் கழற்றிய நிலையில், 34 முதல் 36 டிகிரி.

ஒரு எச்சரிக்கை. கிராங்க் முனையில் உள்ள பேலன்சரின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டப்பட்டது. ஐம்பது வயது ரப்பர் வழுக்கி, வளையம் தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கலாம். அப்போது அதில் உள்ள டைமிங் கோடு பொய் சொல்லும், லைட்டும் அதையே சொல்லும். அதனால் லைட்டைப் பிடிப்பதற்கு முன்பே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, 1ஆம் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனை வழியில் தடுக்கும் கருவி) வைத்து எஞ்சினைக் கையால் இரு திசையிலும் சுழற்றி, அது முட்டும் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின் நடுப்புள்ளிதான் பிஸ்டனின் உண்மையான உச்சநிலை.

படி 5: கார்புரேட்டர்

இப்போதுதான் இதன் முறை. சோக் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். அடிப்பாகத்தில் உள்ள இரண்டு மிக்சர் திருகுகளையும் (ஐடிலில் பெட்ரோல் கலவையைச் சீர்செய்பவை) மெதுவாக முட்டும்வரை உள்ளே திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அழுத்தி இறுக்கினால் ஊசி முனையில் தழும்பு விழும், பிறகு அது சரியாக அமையாது.

மேனிஃபோல்டில் வேக்யூம் கேஜை மாட்டி, ஒவ்வொரு திருகையும் மாறி மாறி கால் சுற்று திருப்பி, முள் உச்சத்துக்கு வரும் இடத்தில் விடுங்கள். மாற்றம் செய்யாத நல்ல எஞ்சினில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை முள் ஆடாமல் நிற்கும். துடித்துக்கொண்டே இருந்தால் வால்வையோ காற்றுக் கசிவையோ தேடுங்கள். திருகைத் திருப்பிப் பயனில்லை. ஐடில் வேகம் மாறியிருந்தால் சரிசெய்து, டைமிங்கை இன்னொரு முறை பாருங்கள்.

கிளாம்ப்பை இறுக்கி, வேக்யூம் ஹோஸை மாட்டி, மேட்டுச் சாலை ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். சுமையில் ‘டக்டக்’ என்று உலோகம் தட்டுகிற சத்தம் கேட்டால் டைமிங்கை 2 டிகிரி பின்னால் கொண்டுவந்து அதே மேட்டில் மறுபடி ஏறுங்கள்.